மலாக்காவை ஆற்றிலிருந்து அறிந்துகொள்வது எப்படி?

மலாக்காவுக்குப் போகிறவர்களில் பலர் சிவப்புக் கட்டடங்கள் சூழ்ந்த டச்சுச் சதுக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு, ஜோங்கர் தெருவில் செண்டோல் என்னும் குளிர்ந்த இனிப்பில் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, அன்று மாலையே கோலாலம்பூருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அறுநூறு ஆண்டுகள் பழைமையுள்ள ஒரு துறைமுக நகருக்கு அந்த நேரம் போதவே போதாது. கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்தான் என்றாலும், ஓர் இரவாவது அங்கே தங்கும்படி திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

நடையை ஆற்றுப் பாலத்தில் தொடங்குங்கள். சதுக்கத்தையும் ஜோங்கர் பகுதியையும் இணைக்கும் தான் கிம் செங் பாலத்தில் நின்று கீழே பார்த்தால், இவ்வளவு ஒடுங்கிய ஆறா ஆசியாவின் வணிகத்தைத் தாங்கியது என்று வியப்பு எழும். 1400 அளவில் சுமத்திராவிலிருந்து வந்த இளவரசர் பரமேசுவரா இங்கே அரசு அமைத்த பிறகு, தென்மேற்குப் பருவக்காற்றோடு சோழமண்டலக் கரைத் துணிகளும் குஜராத் துணிகளும் வந்தன. வடகிழக்குக் காற்றோடு சீனப் பட்டும் பீங்கானும் வந்தன. திரும்பிச் செல்லக் காற்று மாறவேண்டும் என்பதால் வணிகர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள், சிலர் இங்கேயே மணம் முடித்துக் குடும்பமாகவும் ஆனார்கள். இந்தக் காத்திருப்பில் உருவான நகரம் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பிறகு பார்க்கும் ஒவ்வொன்றும் விளங்கத் தொடங்கும். வணிகர்களை மேற்பார்வையிட நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், நியமிக்கப்பட்டிருந்தார்கள். துறைமுகத்தில் 84 மொழிகள் ஒலித்ததாகப் போர்த்துக்கீசியரான தொமே பிரெஸ் எழுதியிருக்கிறார். 1511-இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் நகரைக் கைப்பற்றியபோது, இரு கரைகளையும் இணைத்த பாலத்தைப் பிடிப்பதற்காகவே கடும் சண்டை நடந்தது.

வெயில் ஏறுமுன் புனித பவுல் குன்றுக்குப் போய்விடுங்கள். 1521-இல் எழுப்பிய தேவாலயத்தின் சுவர்களும், அவற்றில் சாய்த்து வைத்த, போர்த்துக்கீசியருக்குப் பின் ஆண்ட டச்சுக்காரரின் கல்லறைப் பலகைகளும், அடிவாரத்தில் ஏ ஃபமோசா என்னும் போர்த்துக்கீசியக் கோட்டையின் எஞ்சிய வாயிலும் போதும். இங்கே நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை.

ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்ததும் நடையைத் தளர்த்துங்கள். செங் ஹூன் தெங் சீனக் கோவில், 1748-இல் அமைந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1781-ஆம் ஆண்டின் பொய்யாத விநாயகர் கோவில் ஆகிய மூன்றும் சில நிமிட நடைத் தொலைவில் உள்ளன. பள்ளிவாசலை மட்டுமாவது நின்று பாருங்கள்: கூரை சுமத்திரா பாணியில் அடுக்கடுக்காக எழுகிறது, மினாரா சீனப் பகோடாவைப் போல நிற்கிறது, உள்ளே கொரிந்தியத் தூண்களும் ஐரோப்பிய ஓடுகளும் இருக்கின்றன. தொழுகை நேரத்தைத் தவிர்த்து, தோளும் முழங்காலும் மறையும் உடையில் செல்லுங்கள். விநாயகர் கோவிலுக்குக் காலையிலோ மாலையிலோ செல்வது நல்லது.

மறுநாள் காலையைக் காஜா பேராங்கில் உள்ள செட்டிகளின் குடியிருப்புக்கு ஒதுக்குங்கள். தமிழர் ஒருவர் மலாக்காவில் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது. போர்த்துக்கீசியருக்கு முன் ஆண்ட சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் மலாக்கா செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், பெண்களின் மரபு உடை சாரோங் கெபாயா என்னும் மலாய் பாணிக் கைலியும் மேற்சட்டையும். வழிபடுவதோ மாரியம்மனையும் விநாயகரையும். வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் தொங்கும். பொங்கலுக்கு முந்தைய நாள், மறைந்த முன்னோர் விரும்பி உண்ட பதார்த்தங்களை வாழை இலையில் படைக்கிறார்கள். அதற்குப் பார்ச்சு போகி என்று பெயர். 1822-இல் எழுந்த முத்து மாரியம்மன் கோவிலும் சிறிய செட்டி அருங்காட்சியகமும் அருகிலேயே உள்ளன. இது மக்கள் வாழும் தெரு என்பதால், கேட்காமல் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் வேண்டாம். "தமிழர் என்கிறீர்கள், தமிழ் பேசத் தெரியாதா?" என்று கேட்டுவிடவும் வேண்டாம். எத்தனையோ ஆட்சிகள் மாறியும், தாய்நிலத் தொடர்பு அறுந்தும், சடங்கையும் கோவிலையும் விடாமல் காத்தவர்களிடம் கேட்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

பிற்பகலில் ஹீரன் தெருவின் 8-ஆம் எண் வீட்டைப் பாருங்கள். டச்சுக் காலத்து அமைப்பைச் சிதைக்காமல் புதுப்பித்த வீடு அது. அத்தெருவின் கடலோர வரிசை வீடுகளின் பின்புறம் ஒரு காலத்தில் அலை வந்து மோதியது. இன்று கடலைத் தூர்த்த நிலம் நெடுந்தூரம் நீள்கிறது. ஆற்று வாயில் மண் மேடிட்டதும், 1786-இல் பினாங்கும் 1819-இல் சிங்கப்பூரும் பிரித்தானியத் துறைமுகங்களாக எழுந்ததும் மலாக்காவின் வணிகத்தைக் குறைத்தன. பழைய தெருக்கள் இடிபடாமல் தப்பியதில் அந்தத் தேக்கத்துக்கும் பங்கு உண்டு. 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மாலையில் ஆற்றுப் படகில் ஏறினால், கம்போங் மோர்த்தேன் என்னும் மலாய்க் குடியிருப்பின் மர வீடுகள் கரையோரம் தென்படும். ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரைதான் என்பதால், கூட்டம் வேண்டாதவர்கள் வார நாட்களில் செல்லலாம். ஜூன் இறுதியில் செல்பவர்கள், உஜோங் பாசீரில் போர்த்துக்கீசிய வழித்தோன்றல்கள் மீன்பிடிப் படகுகளை அலங்கரித்துக் கொண்டாடும் புனித பேதுரு திருவிழாவுக்கும் ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.