பின்கட்டிலிருந்து பிளாட் சமையலறைக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்திலிருந்து படிப்புக்கோ வேலைக்கோ இப்போதுதான் வெளிநாடு போய் இறங்கியிருக்கிறீர்களா? நம்ம செட்டிநாட்டு வீட்டுச் சமையலை அங்கேயும் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது முற்றம் வைத்த வீடுகளின் பின்கட்டில் வளர்ந்த சமையல். உப்புக்கறி என்கிற ஆட்டுக்கறி வறுவலுக்கு மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டால், நெடி முற்றத்து வழியாக மேலே போய்விடும். பிளாட்டில் அந்த நெடி கூரையில் இருக்கும் புகை அலாரத்துக்குத்தான் போகும்.

தாளிக்கிற நாளில் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஜன்னலையும் திறந்துவிடுங்கள். பல பிளாட்டுகளில் அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னி புகையை வெளியே தள்ளாது, வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும். அதை மட்டும் நம்ப முடியாது. அலாரம் அலறினால் பதறிப்போய் வாசல் கதவைத் திறந்துவிடாதீர்கள். புகை பொது நடைக்குப் போய், அங்குள்ள அலாரமும் அடித்து, கட்டடமே காலி செய்ய வேண்டி வரலாம். பேட்டரியைக் கழற்றுவதும், பிளாஸ்டிக் பையால் மூடுவதும் வேண்டவே வேண்டாம். இரவில் தூங்கும்போது உங்கள் உயிரைக் காக்க இருப்பது அது ஒன்றுதான்.

அடுத்தது மிக்ஸி. நம்ம ஊரில் 230 வோல்ட். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் எல்லாம் ஏறக்குறைய அதேதான், பிளக்தான் வேறு. எர்த் பின் உள்ள நல்ல அடாப்டர் வாங்கினால் ஊர் மிக்ஸியே ஓடும். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட். அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. 750 வாட் மிக்ஸிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அது மிக்ஸியை விடக் கனக்கும். அங்கே போகிறவர்கள் அங்கே ஓடும் 110–120 வோல்ட் மிக்ஸியாகவே வாங்கிக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் 15 ஆம்பியர் லைன் ஒன்று தாங்குவது 1800 வாட்தான். மைக்ரோவேவும் கெட்டிலும் ஒரே லைனில் சேர்ந்து ஓடினால் டிரிப் ஆகிவிடும். சூடு பண்ணும் எந்தச் சாமானையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள்.

ஆத்தா ஆசையாகக் கொடுத்துவிட்ட வெண்கல உருளியும் அலுமினிய குக்கரும் இண்டக்ஷனில் சூடேறாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் வேலை செய்யும். மேலே கண்ணாடி இருக்கும் அடுப்பு எல்லாமே இண்டக்ஷன் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடிக்கு உள்ளே சிவப்பாக எரிந்தால் அது கம்பிச் சுருள் (coil) அடுப்பு. இதில் எந்தப் பாத்திரமும் சூடேறும், ஆனால் அணைத்த பிறகும் சில நிமிடம் கொதிக்கக் கொதிக்க இருக்கும். அதன்மேல் கையையோ பிளாஸ்டிக் டப்பாவையோ வைத்துவிடாதீர்கள். குழம்பு இறங்குவதற்குச் சற்று முன்பே அணைத்துவிட்டால் மிச்சச் சூட்டிலேயே வெந்துவிடும், கரண்டும் மிச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று பழகியிருப்பீர்கள். அங்கே முதல் யூனிட்டிலிருந்தே காசு. சில ஊர்களில் மாலை நேர யூனிட்டுக்கு விலை கூடுதல் என்பதால் பில்லை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

கேஸ் விஷயத்தில் நம் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் சிலிண்டரில் வருவது காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். வெளிநாட்டில் பல இடங்களில் குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றை விட லேசு, மேலே ஏறும். எதுவானாலும் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியேறி, அங்கிருந்து போன் செய்யுங்கள். குளிருக்காகக் கேஸ் அடுப்பை எரியவிட்டு அறையில் உட்காருவது, வீட்டுக்குள் கரி மூட்டுவது இரண்டும் ஆளைக் கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. அதற்கென்று தனி அலாரம் உண்டு, வீட்டில் இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது எண்ணெய்ச் சட்டிதான். தீபாவளி வந்தால் தேன்குழலும் வெள்ளைப் பணியாரமும் சுடாமல் இருக்க மாட்டோம். உருண்டை அடிக் கடாய் கண்ணாடி அடுப்பில் ஆடும். தட்டை அடியாக வாங்குங்கள், பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் புகைய ஆரம்பித்தால் உடனே அணையுங்கள். போனில் பேசிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகாதீர்கள். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அடியில் போய் ஆவியாக வெடித்து, எரிகிற எண்ணெயை வாரி இறைக்கும். சட்டியைத் தூக்கவும் கூடாது. கை எட்டினால் அடுப்பை அணைத்து, பக்கவாட்டிலிருந்து மூடியைத் தள்ளி மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். அடங்கவில்லை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறிக் கூப்பிடுங்கள்: அமெரிக்கா, கனடாவில் 911, பிரிட்டன், மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995, ஆஸ்திரேலியாவில் 000.