வீடியோ எடிட்டிங்குக்கு ப்ராசசர்: முதலில் ஃபைலைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்

ஐ7 போதுமா, ஐ9 வேண்டுமா என்று கேட்பதற்கு முன், உங்கள் கேமரா எந்த வகை ஃபைலைத் தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டைம்லைன் திக்கித் திக்கி ஓடினால் பலரும் கோர் எண்ணிக்கையைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அந்த வகை ஃபைலுக்கான டீகோடர் (சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் சுற்று) கணினியில் இல்லாததுதான் காரணம்.

படி 1: மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கிளிப்பைத் திறங்கள். ஃபார்மேட், பிட் டெப்த் (ஒரு நிறத்துக்கு எத்தனை பிட்), குரோமா சப்சாம்ப்ளிங் (நிறத் தகவல் எவ்வளவு பதிவாகிறது, 4:2:0, 4:2:2 என்று காட்டும்) என்ற மூன்று வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோன், டிரோன் ஃபைல்கள் பெரும்பாலும் 4:2:0. இன்றைக்கு விற்கும் எந்த ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் அதைச் சமாளிக்கும். சிக்கல் 4:2:2 10 பிட்டில்தான்.

படி 2: உங்கள் ஃபைலுக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

எச்.265 (மீடியாஇன்ஃபோவில் HEVC என்று வரும்), 4:2:2, 10 பிட் (கேனான் ஆர்6 லாக், சோனி எக்ஸ்ஏவிசி எச்எஸ் போன்றவை): இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களில் 11ஆம் தலைமுறை முதல் உள்ள குவிக் சிங்க் (உள் கிராஃபிக்ஸில் இருக்கும் வீடியோ சுற்று) இதை நேரடியாக டீகோட் செய்யும். ரைசனுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் செய்யாது. என்விடியா ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைகளும் செய்யாது. 50 வரிசைதான் செய்யும். அந்தக் கார்டு இருந்தால் ரைசன் தாராளமாக எடுக்கலாம், ஆனால் மென்பொருள் புதிய பதிப்பாக இருக்க வேண்டும்.

எச்.264 (மீடியாஇன்ஃபோவில் AVC), 4:2:2, 10 பிட் (பானசோனிக் ஜிஎச்5, சோனி எக்ஸ்ஏவிசி எஸ்): இதைக் குவிக் சிங்க் தொடாது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு இல்லையென்றால் எல்லாப் பாரமும் கோர்கள் மேல் விழும். சோனி வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன எக்ஸ்ஏவிசி எச்எஸ்ஸுக்கு மாறலாம். ஆனால் ஏ7எஸ்3 போன்ற கேமராக்களில் 4கே எச்எஸ்ஸில் 25 ஃபிரேம் கிடையாது. 25 கட்டாயம் என்றால் ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் உருவாக்கும் லேசான நகல் ஃபைல்) போட்டுக்கொள்ளுங்கள். ப்ராசசரை மாற்றுவதைவிட அதுதான் மலிவு.

விண்டோஸில் புரோரெஸ் (ஆப்பிளின் வீடியோ ஃபார்மேட்): இதை டீகோட் செய்வது கோர்கள்தான். இங்கேதான் 16 கோர் ரைசன் 9 தன் விலைக்கு வேலை செய்யும்.

படி 3: மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் படியுங்கள். பணம் வீணாகும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, அதனால் குவிக் சிங்க்கும் இல்லை. ஐ5 12400எஃப் விலை குறைவு என்பதால் சென்னை ரிச்சி தெருவில் போடும் கொட்டேஷனிலும் அதுவே முதலில் வரலாம். கேமிங்குக்குச் சரி, 4:2:2 எடிட்டிங்குக்குத் தவறு. எஃப் இல்லாத 12400 என்று எழுதி வாங்குங்கள், பெட்டியைப் பிரிக்குமுன் எண்ணைச் சரிபாருங்கள்.

கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் 12500 அல்லது 14500. 12400இல் ஒரு வீடியோ என்ஜின், இவற்றில் இரண்டு. மல்டிகேம் எடிட்டிங்கில் அது தெரியும். புதிதாகக் கணினி கட்டுபவர்களுக்கு என் தேர்வு கோர் அல்ட்ரா 7 265கே. கேமிங்குக்குப் பெயர் போன எக்ஸ்3டி ரைசனுக்கு எடிட்டிங்கில் அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

படி 4: போர்டும் ராமும். கோர் அல்ட்ரா 200 வரிசை, ரைசன் 7000, 9000 எல்லாம் டிடிஆர்5 மட்டுமே. 12 முதல் 14ஆம் தலைமுறை வரை போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது 5. பழைய பி660, எச்610 போர்டில் 14ஆம் தலைமுறையைப் போட்டால், பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கும் வரை திரை வராமல் போகலாம். கடையிலேயே புதுப்பித்து வாங்குங்கள். ராம் 16 ஜிபி இரண்டு. ஒரே 32 ஜிபி குச்சி வேண்டாம்: இரண்டாகப் போட்டால்தான் ராம் முழு வேகத்தில் ஓடும், உள் கிராஃபிக்ஸும் அதே ராமைத்தான் பயன்படுத்துகிறது.

படி 5: குவிக் சிங்க்கை விழிக்கவைப்பது. சரியான ப்ராசசர் வாங்கியும் ‘ஒன்றும் மாறவில்லை’ என்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். தனி கிராஃபிக்ஸ் கார்டைச் செருகியதும் பல போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸில் ‘ஐஜிபியூ மல்டி மானிட்டர்’ (சில போர்டுகளில் ‘இன்டர்னல் கிராஃபிக்ஸ்’) என்பதை எனேபிள் செய்யுங்கள். மானிட்டர் கேபிள் கார்டிலேயே இருக்கட்டும். விண்டோஸில் இன்டெல் டிரைவரை நிறுவுங்கள். பிரீமியரில் பிரிஃபரன்ஸஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டீகோடிங்கில் இன்டெல்லை டிக் செய்து மென்பொருளை மூடித் திறங்கள். டாவின்சி ரிசால்வில் பிரிஃபரன்ஸஸ், சிஸ்டம், டீகோட் ஆப்ஷன்ஸ். இதற்கு 295 டாலர் ஸ்டூடியோ பதிப்பை நம்புங்கள். லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264 ஃபைலையே எடுக்காது.

சோதிக்க, கிளிப்பை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் இன்டெல் ஜிபியூவின் ‘வீடியோ டீகோட்’ வரைபடத்தைப் பாருங்கள். அது ஏறினால் வேலை முடிந்தது. அது பூஜ்யத்திலேயே கிடக்க, சிபியூ மட்டும் 100ஐத் தொட்டால் பயாஸ் அமைப்பை மறுபடி பாருங்கள்.

பின்சேர்க்கை: 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் பலவற்றில் வோல்டேஜ் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்ட் முதல் பயாஸ் வழியாக மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வந்தன. பெட்டியில் விற்றவற்றுக்கு வாரன்டியும் 2 ஆண்டு கூட்டப்பட்டது. ஏற்கெனவே பழுதான சில்லைத் திருத்தம் சரிசெய்யாது. ஆகவே செகண்ட் ஹாண்டில் 13900கே, 14900கே வேண்டாம். புதிதாக வாங்கினால், விண்டோஸ் போடுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பியுங்கள்.