வெயிலில் தோல் வெந்துவிட்டதா? வரிசையாகச் செய்ய வேண்டியவை

வெயில் உடனே கணக்குக் காட்டாது. சிவப்பும் எரிச்சலும் பெரும்பாலும் 3 முதல் 5 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். உச்சத்துக்குப் போக 12 முதல் 24 மணி நேரம் ஆகும். "சிவந்த பிறகு உள்ளே போய்க்கொள்ளலாம்" என்று நிற்பது வீண்.

படி 1: தோல் லேசாகச் சுருக்கென்றாலே நிழலுக்குப் போய்விடுங்கள். சந்தேகமாக இருந்தால் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். அந்த இடம் வெளுத்து மறுபடி சிவந்தால், ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கின்றன. கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தொட்டால் சூடு, தோல் இழுத்துப் பிடிப்பது, இவைதான் அடையாளம்.

உள்ளே நடப்பது இதுதான். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள், முக்கியமாக 'பி' வகை, தோல் செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. சரிசெய்ய முடியாத அளவு கெட்ட செல்கள் தாங்களே மடிகின்றன. அங்கே உடல் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது, அதனால் சிவப்பும் வீக்கமும். சில நாள் கழித்து உரியும் தோல் அந்தச் செத்த செல்கள்தான். காரணம் சூடு அல்ல என்பதால், குளிரான நாளிலும் தோல் வேகும்.

படி 2: குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் போடுங்கள். ஐஸ் வேண்டாம், அது தோலை மேலும் புண்ணாக்கும்.

படி 3: ஈரம் காயும் முன்பே கற்றாழை ஜெல்லோ வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். வெண்ணெய், எண்ணெய் வைத்தியத்தை மறந்துவிடுங்கள்.

படி 4: தண்ணீர் நிறையக் குடியுங்கள். வலி தாங்காவிட்டால் இப்யூபுரூஃபன் உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

படி 5: கொப்புளத்தை உடைக்காதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும்! ஆனாலும் அடியிலுள்ள புதுத் தோலுக்கு அதுதான் மூடி. காய்ச்சல், நடுக்கம், வாந்தி, மயக்கம், உடம்பில் பெரும்பகுதி கொப்புளம், அல்லது வெந்தது கைக்குழந்தை என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், ஆறும்வரை அந்த இடத்தைத் துணியால் மூடித்தான் வெளியே போக வேண்டும். மற்ற இடங்களுக்கு எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீன், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. புற ஊதாக் குறியீடு (அந்தக் கதிர்களின் கடுமையைச் சொல்லும் எண்) 3 அல்லது அதற்கு மேல் இருந்தால், வானம் மூட்டமாக இருந்தாலும் சரி, பூசிக்கொள்ளுங்கள்.