மகளிர் குழுவுக்கு ஊக்குநரா, அதாவது குழுவ நடத்துறவங்களா இருக்கீங்களா? உங்க குறைய நேரா சொல்ல வைக்கிறது எப்படி

தமிழ்நாட்டுல மகளிர் குழு ஐஃபேட்ன்ற ஐ.நா. வேளாண் நிதி அமைப்போட நிதியில 1989-ல தருமபுரியிலதான் ஆரம்பிச்சுது, அப்போ கிருஷ்ணகிரியும் அதே மாவட்டம், 2004-லதான் பிரிஞ்சுது. அதனால நம்ம பக்கம் குழு நடத்தி பழம் தின்னு கொட்டை போட்ட அக்காங்க தேடினா கிடைப்பாங்க, புதுசா ஊக்குநர் ஆனவங்க அவங்கள்ல ஒருத்தர புடிச்சி, நீங்க நடத்துறதுல என்ன குறைன்னு கேட்டுக்கோங்க.

உங்க குழு உறுப்பினர்கிட்ட இத கேக்கவே கேக்காதீங்க. குழு சேமிப்புல இருந்து உறுப்பினருக்கு குடுக்குற உள்கடன், அதோட அடுத்த லிஸ்ட்ல பேர் வரணும்னு நினைக்கிறவங்க உங்க மூஞ்சிக்கு நேரா என்னத்த சொல்லப் போறாங்க. நாத்தனார், ஓரகத்தியும் வேணாம், அது வேற சண்டைல போய் முடியும்.

"நான் எப்படிக்கா நடத்துறேன்"னு கேட்டா "நல்லாத்தாம்மா நடத்துற"ன்னு டீயக் குடுத்து அனுப்பிருவாங்க. அதுக்கு பதிலா, குழுவுல எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு, அந்த அக்காவ ஒரு கூட்டத்துக்கு வந்து ஓரமா உக்காரச் சொல்லுங்க. முடிஞ்சதும் குறிப்பா கேளுங்க: கடன் பேசும்போது யாரு பேச்ச நான் பாதில வெட்டுனேன், வாயே தொறக்காம கையெழுத்து போட்டுட்டு போனது யாரு. இந்த மாதிரி கேட்டாத்தான், "கடன் இன்னாருக்குன்னு பேர நீயே சொல்லிட்டு அப்புறமா எல்லாருக்கும் சம்மதமான்னு கேக்குற, அதுக்கப்புறம் எவ எதுத்து பேசுவா"ன்னு உடைச்சு சொல்லுவாங்க. நம்ம ஊர் குழுக்கள்ல பாதி மனஸ்தாபம் இதுலதான் ஆரம்பிக்குதுன்றது என் கணிப்பு.

அவங்க சொல்லும்போது நீங்க "இல்லக்கா, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா"ன்னு ஆரம்பிக்காதீங்க, ஆரம்பிச்சா அவங்க அத்தோட நிறுத்திக்குவாங்க. ஒரு நோட்டுல எழுதிக்கோங்க, புரியலன்னா மட்டும் கேளுங்க. முக்கியமா, "உங்களுக்கு இத யாரு சொன்னா"ன்னு கேக்கவே கூடாது.

மே, ஜூன்ல மாங்கா சீசன் சூடா இருக்கும்போது இந்த வேலைய வெச்சுக்காதீங்க, தோப்புக்கும் மாங்கூழ் ஃபேக்டரிக்கும் ஓடுற நேரத்துல உக்காந்து பேச யாருக்கு பொறுமை இருக்கு.

அவங்க சொல்ற எல்லாத்தையும் செய்யணும்னு இல்ல. சந்தாவ கையில வாங்கி எண்ணி எழுதுன காலத்து ஆளுங்க, இப்போ போன்ல காசு போடுறது, ஆன்லைன் கணக்கு விஷயத்துல அவங்க யோசனை கொஞ்சம் பழசா இருக்கலாம், ஆனா ஆளுங்கள எப்படி பேச வைக்கிறதுன்றதுல அவங்க சொன்னா கேட்டுக்கோங்க. ஏதாவது ஒண்ணே ஒண்ண மட்டும் அடுத்த கூட்டத்துல மாத்துங்க, கடன் பேர முதல்ல மத்தவங்க சொல்லட்டும், நீங்க கடைசியா பேசுங்க. அப்புறம் அந்த அக்காகிட்ட போயி, நீங்க சொன்னத செஞ்சேன், இன்னின்ன ஆச்சுன்னு சொல்லிட்டு வாங்க, சொல்லலன்னா அடுத்த தடவை கூப்பிட்டா எனக்கு களி கிண்டுற வேலை இருக்குன்னுருவாங்க.