குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் வரைபடத்தில் ஏற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

கீழக்கரையில் ஒரு தெருவில் விடியற்காலையில் குடிநீர்க் குழாய் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த வால்வை அடைத்தால் தண்ணீர் நிற்கும்? அதை அடைத்தால் எத்தனை வீடுகளுக்குத் தண்ணீர் போகாது? உடைந்த இடத்தை ஒட்டிக் கழிவுநீர் ஓடுகிறதா? இந்த மூன்றுக்கும் ஐந்து நிமிடத்தில் பதில் தருகிற ஜிஐஎஸ்தான், அதாவது தகவல்களோடு கூடிய கணினி வரைபட அமைப்புதான், ஒரு நகராட்சிக்கு வேண்டும். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு வரும் காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயிலேயே பயணப்பட்டு வருகிறது. அப்படி வந்த தண்ணீர் தெருவில் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, வால்வு எங்கே என்று மண்ணைத் தோண்டித் தேடும் நிலை எந்த ஊருக்கும் வரக்கூடாது.

பெரும்பாலும் முதல் தவறு டெண்டரிலேயே நடந்துவிடுகிறது. எந்த மென்பொருள், எத்தனை லைசென்ஸ், எவ்வளவு பெரிய திரை என்று பக்கம் பக்கமாக இருக்கும். எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பது ஒரு வரிகூட இருக்காது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், சிறு நகராட்சிக்கு அதுவே போதும். பணத்தைக் கள அளவைக்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது, பழைய வரைபடத்தை அப்படியே நம்பி ஏற்றுவது. திட்டம் போட்டபோது வரைந்த படம் வேறு, மண்ணுக்குள் உண்மையில் பதித்த குழாய் வேறு. நடுவில் ஒரு வீட்டுப் படிக்கட்டு குறுக்கிட்டிருக்கும், ஒரு சிறு பாலம் வந்திருக்கும். குழாயை வளைத்துக் கொண்டுபோயிருப்பார்கள். அந்த வளைவு எந்தக் காகிதத்திலும் ஏறியிருக்காது. அதை அறிந்தவர் அந்த வார்டில் தினமும் தண்ணீர் திறந்துவிடும் வால்வுமேன்தான். அவரோடு தெருத்தெருவாக நடந்து எழுதிக்கொள்ளாமல் எந்த ஜிஐஎஸ்-ஸும் முழுமை ஆகாது. பல ஊர்களில் அவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்தால், இந்த வேலையைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும் என்பேன்.

அவர் சொல்வதைப் பதியும்போது ஒரு வால்வுக்கு வெறும் புள்ளி வைத்தால் போதாது. அது எந்தப் பக்கம் சுற்றினால் அடைகிறது, முழுதாக அடைய எத்தனை சுற்று, எந்தக் கிழமை எந்தத் தெருவுக்குத் திறக்கிறார், வால்வு இருக்கும் குழி (சேம்பர்) மணலில் மூடிப்போனால் எந்தச் சுவர் மூலையிலிருந்து எத்தனை மீட்டர் என்பதெல்லாம் வேண்டும். ராமேஸ்வரம், தனுஷ்கோடிப் பக்கம் காற்றில் மணல் நகரும். அங்கே அந்த மூலைத் தூரம்தான் மூடிப்போன வால்வைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

கூடவே ஒவ்வொரு குழாய்க்கும் ‘எப்படித் தெரிந்தது’ என்று ஒரு கட்டம் வையுங்கள். தோண்டிப் பார்த்தது, கருவியில் அளந்தது, பழைய படத்தில் இருந்தது, வால்வுமேன் சொன்னது, ஊகம் என்று ஐந்து பதில்கள் போதும். ஊகத்தை ஊகம் என்று குறித்து வைப்பதில் தவறே இல்லை. ஊகத்தையும் அளந்ததையும் ஒரே நீலக்கோடாக வரைந்துவைத்தால், அடுத்து வரும் பொறியாளர் அதை நம்பி ஜேசிபியை இறக்கிவிடுவார்.

இனி உயரக் கணக்கு. இந்தக் கடற்கரையில் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. செயற்கைக்கோள் வழியே அளக்கும் கருவி கடல் மட்டத்திலிருந்து உயரத்தை அளப்பதில்லை. பூமியைச் சீரான நீள்கோளமாக எண்ணி, அந்தக் கணிதப் பரப்பிலிருந்து அளக்கிறது. உலகத்திலேயே கடல் மட்டம் அந்தப் பரப்புக்கு மிகவும் தாழ்ந்து கிடப்பது இலங்கைக்குத் தெற்கே, சுமார் 106 மீட்டர். நம் கடற்கரை அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இருப்பதால், பாம்பன் கரையில் நின்று பார்த்தால் திருத்தம் செய்யாத கருவி மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே காட்டும். சில கருவிகளும் போன்களும் திருத்தத்தைத் தாங்களே செய்துகொள்ளும், சில செய்யாது. இரண்டு குழுக்கள் இரண்டு கருவியோடு போய் அளந்து வந்ததை ஒரே அட்டவணையில் சேர்த்தால் வடக்குத் தெரு 3 மீட்டர் உயரத்திலும் தெற்குத் தெரு பாதாளத்திலும் கிடக்கும்.

இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். படாதது சிறு பிழை. கழிவுநீர்க் குழாய் 250-க்கு 1 என்ற சரிவில் போகிறது என்றால், 30 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு மேன்ஹோல்களுக்கு நடுவே அடிமட்ட வித்தியாசம் வெறும் 12 சென்டிமீட்டர். அளவையில் 15 சென்டிமீட்டர் பிசகினால் வரைபடத்தில் கழிவுநீர் மேட்டை நோக்கி ஓடும். சமதரையான நம் ஊர்களில் இந்தச் சில சென்டிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை வைத்து இங்கே சாக்கடைச் சரிவு பார்க்காதீர்கள். 30 மீட்டர் கட்டங்களில் முழு மீட்டர் எண்களாக வருவது அது. பனந்தோப்பின் உச்சியையும் தரையோடு கலந்துவிடும். உயரம் ஏற்கெனவே தெரிந்த குறியிலிருந்து (பெஞ்ச் மார்க்) ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவி வைத்து எடுப்பதற்கு மாற்று இல்லை.

மேன்ஹோலின் ஆழத்தையும் விடாமல் பதியுங்கள். பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் மனிதர்களைச் சாக்கடைக்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எவ்வளவு ஆழம், எத்தனை இணைப்பு, எந்தத் திசை ஓட்டம் என்பது படத்திலேயே இருந்தால் எந்த எந்திரத்தை அனுப்புவது என்று அலுவலகத்திலேயே முடிவு செய்யலாம். ‘இறங்கிப் பார்த்துச் சொல்’ என்று ஒருவரிடம் சொல்வதற்கு இடமே இருக்கக் கூடாது.

நீளக் கணக்கிலும் ஒரு பிசகு நுழையும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் அமைப்பில் அளந்தால் ராமநாதபுரத்தில் 1 கிலோமீட்டர் குழாய் ஏறக்குறைய 1,013 மீட்டர் என்று காட்டும். குழாய்க்கும் தோண்டுவதற்கும் மீட்டர் கணக்கில் பணம் கொடுக்கும் இடத்தில் இது நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் கூடுதல். மீட்டரில் அளக்கும் யூடிஎம் என்ற வரைபட அமைப்பின் 44 வடக்கு மண்டலத்துக்குள் மாவட்டம் முழுவதும் அடங்குவதால், மென்பொருளில் அதன் குறியெண்ணான இபிஎஸ்ஜி 32644 என்று வைத்து எல்லாரும் அதிலேயே வேலை செய்யுங்கள்.

திரையில் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும் இரண்டு குழாய்க் கோடுகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அவை தனித்தனிக் குழாய்கள்தான். வால்வை அடைத்தால் யாருக்குத் தண்ணீர் நிற்கும் என்ற கணக்கு அங்கேயே அறுந்துவிடும். வரையும்போதே, கோட்டு முனைகளைத் தானாக ஒட்டவைக்கும் ஸ்நாப்பிங் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் தெருப்பெயர் எழுதுகிறவர்கள், வரைபடத் தரவைச் சேமிக்கும் பழைய கோப்பு வகையான ஷேப்ஃபைலை விட்டு, புதிய வகையான ஜியோபேக்கேஜுக்கு மாறிவிடலாம். ஷேப்ஃபைலில் அட்டவணைப் பத்தியின் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ‘வால்வு’ என்ற சொல்லே அதில் அடங்காது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய வரிப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றாமல் சேர்க்காதீர்கள்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது, குடிநீரை ஒரு திட்டமாகவும் கழிவுநீரை வேறொரு திட்டமாகவும் இரண்டு ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்து இரண்டு படங்களாக வாங்குவது. நம் ஊர்களில் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் போய்விடும். வீட்டு மோட்டார் நேரடியாக உறிஞ்சினால் இன்னும் மோசம். அப்போது விரிசல் வழியே வெளியில் இருப்பது உள்ளே வரும். வெளியில் இருப்பது சாக்கடை என்றால் அடுத்த முறை குடத்தில் வருவதும் அதுதான். இந்த ஆபத்து எங்கெங்கே என்பதை இரண்டு குழாய்களையும் ஒரே படத்தில் வைத்தால் மட்டுமே பார்க்க முடியும். அழுத்தம் போதாமல் வாசலில் குழி தோண்டி, உள்ளே இறங்கித் தண்ணீர் பிடிக்கும் வீடுகளையும் அதே படத்தில் குறியுங்கள். மழைநாளில் அந்தக் குழியில் தெருத் தண்ணீர் தேங்கும்.

பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் செப்டிக் டேங்குகள்தான் கழிவுநீர் அமைப்பு. அவற்றை விட்டுவிட்டுச் சாக்கடைக் குழாயை மட்டும் வரைவது பாதி ஊரை மறப்பதற்குச் சமம். டேங்க் எங்கே, கடைசியாக எப்போது எடுத்தார்கள், லாரி உள்ளே போகச் சந்து அகலம் போதுமா, பக்கத்துக் கிணறோ ஊருணியோ எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ராமேஸ்வரம் தீவின் மணல் நீரை வேகமாக உள்ளே விடும். ஊற்றுத் தண்ணீரை நம்பும் இடங்களில் இந்தத் தூரத்தைத் தவறாமல் அளக்க வேண்டும்.

தேவையைக் கணக்கிடும்போது மக்கள்தொகை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரம் நகராட்சியில் ஏறக்குறைய 45 ஆயிரம் பேர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அங்கே தங்கிக் குளித்துப் போகிறவர்கள் அந்த எண்ணில் இல்லை. லாட்ஜ்களையும் மடங்களையும் தனி இணைப்பாகவே பதிய வேண்டும்.

படம் முடிந்த நாளிலிருந்தே பழையதாகத் தொடங்கும். புதிய இணைப்பு, மாற்றிய குழாய், புதைந்த வால்வு என்று தினமும் ஏதாவது நடக்கும். இதற்கு நான் கண்ட நல்ல வழி ஒன்றுதான். குழாய் வேலை செய்தவரின் பில்லோடு, குழியை மூடுவதற்கு முன் எடுத்த இட அளவும் போட்டோவும் இருக்க வேண்டும். படத்தில் அது ஏறிவிட்டது என்று கையெழுத்தான பிறகே அந்த பில் பாஸாக வேண்டும். இந்த நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.