ரிவர்ஸ் லைட் எரியவில்லையா? சுவிட்ச் வாங்க ஓடுவதற்கு முன்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களுக்குக் காரைப் பின்னுக்கு எடுப்பது அன்றாட வேலை. பல இடங்களில் திருப்ப வழியே இல்லை. இரவில் யாராவது பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று கையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ரிவர்ஸ் லைட் எரியாவிட்டால், கார் பின்னுக்கு வருகிறது என்பது சைக்கிளில் வரும் பிள்ளைக்குத் தெரியாது. அங்கே ஒரு பிள்ளை நிற்பது ஓட்டுபவருக்கும் தெரியாது. அதனால்தான் இதைச் சின்னக் கோளாறு என்று தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

என் மாமாவிடம் எண்பதுகளில் வந்த நிஸான் சன்னி கார் ஒன்று இருக்கிறது. ஒருநாள் அதன் இரண்டு ரிவர்ஸ் லைட்டும் நின்றுவிட்டன. "கியர்பொக்ஸ் சுவிட்ச் போயிட்டுதாம் தம்பி" என்றார். கியரை ரிவர்ஸில் போட்டதும் லைட்டை எரிய வைக்கும் சுவிட்ச் அது. யாரோ சொன்னதை நம்பி, வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய சுவிட்ச் ஒன்றை வாங்கி மாட்டியும் ஆயிற்று. லைட் எரியவில்லை. சுவிட்ச் பழுதா இல்லையா என்று யாருமே சோதிக்கவில்லை. பழைய வாகனங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்: சோதிப்பதற்கு முன்பே சாமான் வாங்குவது.

முதலில் கேட்க வேண்டியது, ஒரு லைட் போயிருக்கிறதா, இரண்டுமா? ஒன்று மட்டும் என்றால் பியூஸையும் சுவிட்சையும் தொடவே வேண்டாம். அவை இரண்டு பக்கத்துக்கும் பொது. கோளாறு அந்தப் பக்கத்துப் பல்பிலோ, ஹோல்டரிலோ, அதற்குப் போகும் வயரிலோ, காரின் உடம்போடு சேரும் எர்த்திலோதான் இருக்கும். இரண்டும் எரியவில்லை என்றால் பியூஸ், சுவிட்ச், பொதுவான வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று: ஒரு பல்ப் எப்போதோ போயிருக்கும், கவனித்திருக்க மாட்டோம், அப்புறம் மற்றதும் போனபோதுதான் தெரியவரும். ஆகவே இரண்டு பல்பையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள், செலவில்லாத வேலை. கண்ணுக்கு இழை நன்றாகத் தெரிந்தாலும் நம்பாமல், பற்றரியில் நேரடியாகப் பிடித்து எரித்துப் பாருங்கள்.

சாவி போடாமல் கியரை மட்டும் ரிவர்ஸில் போட்டுவிட்டு "எரியவில்லை" என்பவர்களும் உண்டு. பெரும்பாலான வாகனங்களில் சாவி 'ஒன்' நிலையில் இருந்தால்தான் இந்த லைட்டுக்கு மின்சாரம் போகும். என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டயருக்குச் செங்கல் வைத்துவிட்டுச் சோதியுங்கள். என்ஜின் ஓட, கியர் ரிவர்ஸில் இருக்க, காரின் பின்னாலோ அடியிலோ ஒருபோதும் போகாதீர்கள்.

பியூஸைப் பொறுத்தவரை, பழைய ஜப்பான் கார்களில் பலவற்றில் ரிவர்ஸ் லைட்டுக்கும் சிக்னலுக்கும் அல்லது மீட்டர் போர்டுக்கும் ஒரே பியூஸ்தான். அவையும் சேர்ந்து நின்றிருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. மூடியில் எழுதியிருப்பது ஜப்பான் மொழியில் என்றால் போன் கமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும், 10 அம்பியர் இருந்த இடத்தில் 30 போடுவதும் வேண்டவே வேண்டாம். பியூஸ் எரியும் முன்பே வயர் உருகும், அங்கிருந்து தீ பிடிக்கும். புதுப் பியூஸும் ரிவர்ஸ் போட்டதும் எரிகிறது என்றால் எங்கோ வயர் காரின் உடம்பில் முட்டுகிறது. வேன்களிலும் ஹேட்ச்பேக் கார்களிலும் பின்கதவு மடியும் இடத்து ரப்பர் குழாயைத் திறந்து பாருங்கள். பின்னாளில் கமராவோ ரிவர்ஸ் ஹோர்னோ பூட்டியவர்கள் வயரைச் சீவி டேப் மட்டும் சுற்றி விட்ட இடத்தையும் பாருங்கள்.

மாமாவின் காருக்கு வருவோம். டிக்கியில் பல்ப் ஹோல்டருக்கு வரும் வயரில் வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் வந்தது. "மின்சாரம் வருதே" என்று எல்லோரும் குழம்பிப்போனார்கள். பல்பை மாட்டினால் எரியாது. இந்த இடத்தில் மீட்டர் ஏமாற்றிவிடும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. 21 வாட் பல்போ ஏறத்தாழ 1.75 அம்பியர் கேட்கும், இரண்டும் சேர்ந்தால் 3.5. துருப்பிடித்த இணைப்பு மீட்டருக்குப் போதுமானதைக் கொடுக்கும், பல்புக்குக் கொடுக்காது. அதனால் இரண்டு வயர் பற்றவைத்த ஒரு 21 வாட் பல்பையே சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு வயரைப் பற்றரியின் எர்த்தில் பிடித்து, மற்றதால் வயரின் பாதையில் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போனோம். டிக்கி விரிப்பின் கீழ், இடது மூலையில் இருந்த கனெக்டருக்கு முன் பல்ப் பளிச்சென்று எரிந்தது, அதற்குப் பின் எரியவில்லை. கழற்றினால் உள்ளே பின்கள் பச்சைப் பாசிபோல் பூத்திருந்தன. டிக்கி ரப்பர் வழியே மழைத்தண்ணீர் இறங்கித் தேங்கியிருந்தது. கடல் காற்றும் சேர்ந்தால் செம்பு எத்தனை நாள் தாங்கும்?

இரண்டு லைட்டும் எரியாதபோது கியர்பொக்ஸ் சுவிட்சைச் சோதிக்கப் புதிது ஒன்று வாங்கவே தேவையில்லை. சாதாரண கியர் காரில் அந்தச் சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, சாவி ஒன்னில் இருக்க, பிளக்கின் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். லைட் எரிந்தால் சுவிட்ச்தான் பழுது. எரியாவிட்டால் கோளாறு வேறு இடத்தில். சுவிட்சை மாற்றும்போது பழைய வாஷரின் தடிப்பிலேயே புது வாஷர் போடுங்கள். தடிப்புக் கூடினால் சுவிட்ச் உள்ளே எட்டாது. சில கியர்பொக்ஸ்களில் கழற்றியதும் ஒயில் ஒழுகும், கீழே தட்டு வையுங்கள். ஓட்டோமேட்டிக்கில் இப்படிக் கண்மூடித்தனமாக இணைக்கக் கூடாது, அதே பிளக்கில் ஸ்டார்ட்டர் வயரும் வரும். அங்கே நெம்புகோலை ஆர் நிலையில் வைத்து மெதுவாக முன்பின் அசையுங்கள். லைட் மின்னி மறைந்தால் சுவிட்சை ஒழுங்குபடுத்தினாலே சரியாகலாம்.

இரட்டை இழை பல்பை ஒற்றை இழை ஹோல்டரில் திணிக்காதீர்கள், அதன் பக்கத்துப் பின்கள் ஏற்றத்தாழ்வாக இருக்கும். எல்ஈடி போட்டு எரியாவிட்டால், உடனே வயரைச் சந்தேகிக்காமல் பழைய பல்பை மாட்டிப் பாருங்கள்.

மாமாவின் காரில் அந்தக் கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களைப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, விரிப்பின் கீழிருந்து மேலே தூக்கிக் கட்டினோம். டிக்கி ரப்பரையும் மாற்றியாயிற்று. பஞ்சிகாவத்தையில் வாங்கிய சுவிட்ச் இன்னும் அதிலேயே இருக்கிறது. கழற்றிய பழையதை வயரால் இணைத்துச் சோதித்தேன், அதுவும் நன்றாகவே வேலை செய்தது.