'டிரெய்னிங் டே' படத்தை எப்படிப் பார்ப்பது?

2001இல் வெளிவந்த இப்படம், லாஸ் ஏஞ்சலஸ் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் சேரத் துடிக்கும் இளம் காவலர் ஜேக்கின் ஒரே ஒரு நாளைச் சொல்வதால், இடையில் நிறுத்தாமல் பாருங்கள். டென்சல் வாஷிங்டன் ஏற்ற மூத்த துப்பறிவாளர் அலோன்சோ எப்போது கெட்டவராகிறார் என்று தேடாமல், ஜேக் எங்கெங்கே மறுக்காமல் விட்டுவிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். என் பார்வையில் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

காருக்குள் அலோன்சோ துப்பாக்கியை நீட்டி ஜேக்கைப் போதைப்பொருள் புகைக்க வைக்கும் காட்சியை இரண்டாம் முறையும் பார்த்தால், அறிவுரையும் மிரட்டலும் ஒரே குரலில் வருவதும், அந்தப் புகையே பின்னர் ஜேக்கைச் சிக்கவைக்கும் ஆயுதமாவதும் தெளிவாகும். சந்தில் ஜேக் காப்பாற்றும் சிறுமியின் பர்ஸை மறந்துவிடாதீர்கள். படம் முடிந்ததும், 1990களின் இறுதியில் அந்நகரக் காவல்துறையை உலுக்கிய ராம்பார்ட் பிரிவுக் காவலர்களின் முறைகேடுகளைப் பற்றிப் படியுங்கள்.